இரவு இரண்டு மணிக்கு யார் வருவார்?

பெரிய ஆஸ்பத்திரியின் வாசலில் மாதக்கணக்காக வரிசையில் நின்று, ஸ்கேன், கீமோ, கதிர்வீச்சு என்று ஒவ்வொன்றாகக் கடந்து, நகையையும் வருங்கால வைப்புநிதியையும் கரைத்துவிட்டு நிற்கும் குடும்பத்தாரைப் பார்த்து, "இனிமேல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மருத்துவர் சொல்லிவிட்டால், அத்துடன் வைத்தியத்தின் வேலை முடிந்தது என்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணிக்கொள்கிறோம். வைத்தியத்தின் துணை அந்த நோயாளிக்கு முன்னெப்போதையும்விட அதிகமாகத் தேவைப்படுவது அன்றுமுதல்தான். வலி, மூச்சுத் திணறல், வாந்தி, தூக்கமின்மை, ஆறாத புண், பயம் ஆகிய உபாதைகளெல்லாம் இனிமேல்தான் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும். அவற்றைச் சமாளிக்கத் தெரிந்தவர் யார், அவர் எங்கே இருக்கிறார், அவரை நம்பலாமா என்று விசாரித்தறியும் பொறுப்போ, களைத்துப்போன ஒரு மனைவியின் தலையிலோ, விடுப்பெல்லாம் தீர்ந்துபோன ஒரு மகனின் தலையிலோ வந்து விழுகிறது.

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று பரந்து கிடக்கும் ஊர்களில் இந்தப் பொறுப்பைச் சுமக்கும் குடும்பங்கள் வருஷந்தோறும் பெருகி வருவதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் ஆலை தோன்றியதையும், 1960-களில் தொழிற்பேட்டை விரிந்ததையும், அதே பத்தாண்டுகளில் ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலை டாங்கிகளைச் செய்யத் தொடங்கியதையும் அடுத்து, ஆர்க்காட்டிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் லேத் வேலைக்கும் வெல்டிங் வேலைக்கும் வந்து சேர்ந்து, சங்கத்தில் கடன் வாங்கி அரை கிரவுண்டு மனையில் வீடு கட்டிக் குடியேறிய தலைமுறை இன்று எழுபதையும் எண்பதையும் எட்டி நிற்கிறது. பிள்ளைகளில் ஒருவர் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் இருக்கிறார். மற்றொருவர் கடல் கடந்து போய்விட்டார். வீட்டில் எஞ்சியிருப்பவர்கள் இருவர். அந்த இருவரில் ஒருவர் படுக்கையில்.

இவர்களுக்குப் புற்றுநோய் வந்தால் சிகிச்சைக்குப் போக இடங்கள் உண்டு. 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் அருமுயற்சியால் அடையாற்றில் எழுந்த புற்றுநோய் நிலையம், ராயப்பேட்டை அரசு மருத்துவமனை, சென்ட்ரலுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையிலேயே சென்றால் காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை என்று நால்வகை வழி இருக்கிறது. குணப்படுத்தும் முயற்சி கைவிடப்பட்ட பின்னர்ப் போவதற்கு இடம் எது என்று கேட்டால்தான் பதில் சுருங்கிவிடுகிறது. மணலியை அடுத்த மாத்தூரில் ஜீவோதயா என்னும் ஹாஸ்பிஸ் புற்றுநோயாளிகளின் கடைசி நாட்களுக்கென்றே நடைபெற்று வருகிறது. ஆனால் அது நகரத்தின் வடகோடி. திரும்பிப் படுக்கவே அலறுகிற ஒரு நோயாளியை அண்ணனூரிலிருந்து ஆட்டோவில் ஏற்றி, ரயில்வே கேட்டுகளையும் மேம்பாலங்களையும் தாண்டி அவ்வளவு தூரம் கொண்டுபோவது எளிதன்று. ஆகவே, இவ்வட்டாரத்து மின்கம்பங்களில் ஒட்டப்பட்டிருக்கும் "ஹோம் நர்சிங்", "படுத்த படுக்கையானவர்களுக்கு 24 மணி நேரப் பராமரிப்பு", "முதியோர் இல்லம், மருத்துவ வசதியுடன்" என்னும் விளம்பரங்களில் ஏதேனும் ஒன்றின் எண்ணைக் குறித்துக்கொள்வதைத் தவிர வேறு மார்க்கம் தெரியாமல் குடும்பங்கள் நிற்கின்றன.

அப்படித் தேடிச் செல்லும்போது அவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? கட்டடம் புதியதா, தரையில் டைல்ஸ் போட்டிருக்கிறதா, அறைக்குள்ளேயே குளியலறை உண்டா, ஏ.சி. உண்டா, சைவச் சாப்பாடா, வாசலில் பிள்ளையார் இருக்கிறாரா, மாதம் எவ்வளவு, முன்பணம் எவ்வளவு. இவற்றில் எதையும் நான் இழிவாகச் சொல்லவில்லை; சுத்தமான அறையும் வாய்க்குப் பிடித்த கஞ்சியும் நோயாளிக்கு மிகப் பெரிய சௌகரியங்களே. ஆனால் அந்திம காலத்துப் பராமரிப்பைத் தொழிலாகவோ தர்மமாகவோ மேற்கொண்டிருக்கும் ஒரு ஸ்தாபனத்தின் தராதரம் இவற்றில் தெரிவதில்லை. இரவு இரண்டு மணிக்கு வலி கிளம்பினால் யார் வருவார், வருகிறவர் கையில் என்ன மருந்து இருக்கும் என்ற கேள்விக்கு அவர்கள் தரும் பதிலில்தான் அது தெரியும். மற்ற எல்லாக் கேள்விகளும் இதற்குப் பின்னரே வரவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

மருந்தை முதலில் எடுத்துக்கொள்வோம். செவிலியாகவும், பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் இருந்து, முப்பது வயதுக்கு மேல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து டாக்டரான ஆங்கிலேய மாது சிசிலி சாண்டர்ஸ், லண்டனில் செயின்ட் லூக்ஸ் என்ற பழையதோர் இல்லத்தில் தொண்டு செய்துகொண்டிருந்தபோது, அங்கே மார்ஃபினை நோயாளி துடித்துக் கேட்கும்வரை காத்திராமல் கடிகாரத்தைப் பார்த்து வேளை தவறாமல் கொடுத்து வந்ததையும், அதனால் நோயாளிகள் தெளிந்த அறிவோடும் அமைதியோடும் இருந்ததையும் கண்டார். வலி வந்தபின் அதைத் துரத்துவதைவிட வரவிடாமல் தடுப்பதே முறை என்னும் அந்தப் பாடத்தை அஸ்திவாரமாகக் கொண்டுதான் 1967-இல் அவர் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். உலகமெங்கும் இன்று நடைபெறும் இத்தகைய இல்லங்களுக்கெல்லாம் அதுவே முன்மாதிரி. வாய்வழி கொடுக்கும் சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேகம் ஏறத்தாழ 4 மணி நேரமே நிற்கும். ஆதலால் 4 மணிக்கொரு தரம் கொடுக்கவேண்டும். இரவில் நோயாளியை எழுப்பாமலிருக்கப் படுக்கப்போகும் வேளையில் இரட்டிப்பு அளவாகக் கொடுப்பது வழக்கம். அம்மருந்து மலச்சிக்கலை உண்டாக்கும் என்பதால் முதல் நாளிலிருந்தே பேதி மருந்தும் சேர்த்து எழுதப்பட வேண்டும். மார்ஃபின் எழுதி, மலமிளக்கி எழுதாத சீட்டு ஒன்றை ஒரு ஸ்தாபனம் உங்கள் கையில் கொடுக்குமானால், எழுதியவருக்கு இந்தத் துறையில் பயிற்சி இல்லை என்பதைத் தெரிந்துகொள்ள வேறு அத்தாட்சி தேவையில்லை. பாரசிட்டமாலையும் தூக்க மாத்திரையையும் மட்டுமே வைத்துக்கொண்டு புற்றுநோயின் கடும் வலியைச் சமாளித்துவிடலாம் என்று ஒருவர் சொன்னால், அவர் இல்லத்தில் எவ்வளவு அழகான தோட்டமிருந்தாலும் திரும்பிவிடுவதே உசிதம்.

"மார்ஃபின் கொடுத்தால் பழக்கமாகிவிடுமே, சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவாரே" என்று அஞ்சுகிறவர்கள் படித்த குடும்பங்களிலும் உண்டு. சில மருத்துவர்களிடமும் அந்த அச்சம் இருக்கிறது. வலிக்கேற்ற அளவில், பயின்றவர் மேற்பார்வையில் கொடுத்து வந்தால் அது உயிரைக் குறைப்பதுமில்லை, நோயாளியைப் போதைக்கு அடிமையாக்குவதுமில்லை. இதில் நம் தேசத்தின் சரித்திரம் மிக வேதனையானது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் கசகசாச் செடியை அரசாங்க அனுமதியுடன் பயிரிட்டு, நீமச்சிலும் காஸிப்பூரிலும் உள்ள அரசு ஆலைகளில் அபினியைப் பக்குவப்படுத்தி, அன்னிய தேசங்களின் நோயாளிகளுக்கு வலி நிவாரணி உண்டாக அனுப்பிவந்த இந்நாட்டில், 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிகளுக்கு அஞ்சி மருந்துக்கடைகளும் மருத்துவமனைகளும் மார்ஃபினைக் கைவிட்டதால், அடுத்த 12 ஆண்டுகளில் அதன் மருத்துவ உபயோகம் 97 சதவீதம் விழுந்துவிட்டது. கேரளத்து டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் பல்லாண்டு போராடியதன் பயனாக 2014-இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின் முதலிய 6 மருந்துகள் இன்றியமையாதவை என்று வகுக்கப்பட்டன; பல இலாகாக்களின் பல உரிமங்களுக்குப் பதிலாக, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே அங்கீகாரம் போதும் என்றாயிற்று. அந்த அங்கீகாரம் பெற, வலி நிவாரணத்தில் பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவராவது அங்கே இருக்கவேண்டும். ஆகவே, "உங்களிடம் மார்ஃபின் இருக்கிறதா, அதற்கு அங்கீகாரம் வாங்கியிருக்கிறீர்களா, கையெழுத்திடும் டாக்டர் யார்?" என்று கேட்பதற்கு எந்தக் குடும்பமும் கூச்சப்படவேண்டியதில்லை. ஒளிவுமறைவில்லாத ஸ்தாபனம் அந்தப் பதிவேட்டை எடுத்துக் காட்டவும் தயங்காது.

நல்ல பராமரிப்பு நேரில் எப்படியிருக்கும் என்பதைத் திருமுல்லைவாயலில் ஒரு வீட்டில் கண்டேன். பல்லாண்டு லேத்தில் நின்ற மனிதர். வாயில் தோன்றிய புற்று கன்னத்தைத் துளைத்து வெளியே வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பார்க்கும் செவிலிப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததும் நோயாளியின் பக்கம் போகவில்லை, அடுக்களை வாசலில் நின்றிருந்த அம்மாளிடம் சென்று, "ராத்திரி தூங்குனீங்களாம்மா?" என்று கேட்டார். "மூணு மணிக்கு ஒரு தடவ எழுந்தாரு சிஸ்டர், அப்புறம் நானும் அசந்துட்டேன்" என்றார் அவர். ஜன்னல் கம்பியில் நூல் கட்டித் தொங்கவிடப்பட்டிருந்த நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தை எடுத்து அந்த மூன்று மணியைச் செவிலி குறித்துக்கொண்டார். அதில் ஒவ்வொரு நாளும் மருந்து கொடுத்த வேளைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு வேளைக்கும் எதிரே, பத்துக்கு எவ்வளவு வலி என்று நோயாளி விரலை மடக்கிக் காட்டிய எண்ணும் இருந்தது. பேச முடியாதவருக்கு அந்த விரல்களே வாய். பிறகு அவர் நோயாளியின் இடுப்புக்கு அடியில் கையை விட்டு எலும்பு முட்டும் இடத்தைத் தடவிப் பார்த்தார்; குதிகாலை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார்; இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் போடுவதை மறுபடியும் அம்மாளுக்குச் செய்து காட்டினார். புண்ணைக் கழுவியபின், மெட்ரோனிடசோல் மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துப் பொடியாக நசுக்கி அதன்மேல் தூவினார். விலை குறைந்த மாத்திரைதான். ஆனால் புண்ணின் நாற்றத்தை அது அடக்கிவிடுவதால், வாசலோடு திரும்பிக்கொண்டிருந்த பேரன் இப்போது தாத்தாவின் கட்டிலில் உட்கார்ந்து பாடம் படிக்கிறான் என்று அந்த அம்மாள் சொன்னபோது அவர் முகத்தில் தெரிந்த ஆறுதலை எந்தத் தரச்சான்றிதழிலும் எழுதிவிட முடியாது.

அந்த வீட்டுச் சுவரில் இரண்டு தொலைபேசி எண்கள் பெரிய எழுத்தில் ஒட்டப்பட்டிருந்தன. ஒன்று பகலுக்கு, மற்றொன்று இரவுக்கு. இரவு எண்ணில் எடுப்பவர் நோயாளியின் பெயரைச் சொன்னதும் மருந்தின் அளவைத் தாமே சொல்லக்கூடியவராக இருக்கவேண்டும். "காலையில் டாக்டர் வந்ததும் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்பவர் இருந்தும் பயனில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே, ஊர் அடங்கிய நேரத்தில் அந்த எண்ணை ஒருமுறை அழைத்துப் பார்த்துவிடும்படி எனக்குத் தெரிந்த எல்லாரிடமும் சொல்லி வருகிறேன். அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் காப்புத் திட்டம் 1982-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி ஹாஸ்பிஸ் செலவை ஏற்கிறது. அங்கே 2015 முதல், நோயாளி இறந்து சில மாதங்கள் சென்றபின் அவர் குடும்பத்தாருக்கு ஒரு வினாத்தாள் அனுப்பப்படுகிறது. மாலையிலும், வார இறுதியிலும், விடுமுறை நாட்களிலும் கேட்ட உதவி கிடைத்ததா என்பது அதில் ஒரு முக்கியமான வினா. வலி மருந்தின் பக்கவிளைவுகளை உங்களுக்கு விளக்கினார்களா என்றும் அதில் கேட்கப்பட்டு வந்தது. விடைகளை ஸ்தாபனவாரியாகத் தொகுத்து எவரும் பார்க்கும்படி அரசாங்கமே வெளியிடுகிறது. லாபநோக்குக் கம்பெனிகள் புகுந்து அத்துறையை அங்கே கெடுத்திருப்பதும் உண்மையே; ஆயினும், பராமரிப்பின் யோக்கியதையைப் பராமரிக்கப்பட்டவரின் வீட்டாரிடம் கேட்டறிவது என்னும் முறை நாம் எடுத்துக்கொள்ளத் தக்கது.

இங்கே நம் வீடுகளுக்கு ஏஜென்சி மூலம் வரும் பெண்களைப் பற்றியும் சொல்லவேண்டும். இவர்களுள் பெரும்பாலோர் செவிலியர் படிப்புப் படித்தவர்கள் அல்லர். தொலைதூரக் கிராமங்களிலிருந்து, சிலர் வேற்று மாநிலங்களிலிருந்து, குடும்பக் கஷ்டத்தால் வந்தவர்கள். மூக்குக் குழாய் வழியே கஞ்சி ஊற்றும்போது தலைமாட்டை உயர்த்தி வைக்கவேண்டும் என்பதைக்கூட யாரும் சொல்லிக்கொடுக்காமல், ஒரு நாள்கூட ஓய்வில்லாமல், இரவும் பகலும் விழித்திருக்கும்படி விட்டுவிட்டு, அவள் தூங்கிவிட்டாள் என்று குறைசொல்வது தர்மமாகாது. ஏஜென்சிக்கு நாம் கொடுக்கும் பணத்தில் அந்தப் பெண்ணின் கைக்குப் போவது எவ்வளவு, வாரத்தில் அவளுக்கு விடுமுறை என்று, அவள் வேலையை வந்து மேற்பார்வை செய்யும் பயிற்சி பெற்ற செவிலி யார் என்பவையெல்லாம் தரத்தைப் பற்றிய கேள்விகளே. தன் ஊழியரைக் கசக்கிப் பிழிகிற ஸ்தாபனம் நோயாளியிடம் மட்டும் பரிவாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது வீண்.

2018 பிப்ரவரியில் உத்திரமேரூரை அடுத்த பாலேஸ்வரத்தில் நடந்ததை இவ்வட்டாரத்தார் மறந்திருக்க மாட்டார்கள். ஆதரவற்று மரணத் தறுவாயில் இருப்பவர்களுக்கென்று அங்கே நடந்துவந்த கருணை இல்லத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு வாகனத்தில், காய்கறி மூட்டைகளோடு ஒரு சடலமும், உயிரோடிருந்த முதியவர்களும் ஒன்றாக ஏற்றப்பட்டிருந்ததைச் சாலையில் போனவர்கள் கண்டுபிடித்தார்கள். இறந்தவர்களைச் சிமெண்டு அறைகளில் வைத்து மூடும் அவ்விடத்து வழக்கம் அதன்பின் ஊரறிந்த செய்தியாயிற்று, அதிகாரிகள் வந்தார்கள், தங்கியிருந்த நூற்றுக்கணக்கானோர் வேறு இடங்களுக்கு மாற்றப்பட்டார்கள். பலவிதக் குற்றச்சாட்டுகள் எழுந்தன. நிர்வாகத்தினர் அவற்றை மறுத்தார்கள். வழக்கு நீதிமன்றம் சென்றது. அதில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூற நான் முற்படவில்லை. தெருவோரத்தில் ஈ மொய்க்கக் கிடந்தவர்களை வேறு யாருமே தொட முன்வராதபோது அவர்கள் தூக்கிச் சென்றார்கள் என்பதையும் மறுப்பதற்கில்லை. என் மனத்தை இன்றளவும் உறுத்துவது வேறு. உரிமம் புதுப்பிக்கப்பட்டதா, எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்குகளே பத்திரிகைகளில் பெரிதாகப் பேசப்பட்டன. மரணத்தை எதிர்நோக்கியிருப்பவர்களுக்கான இல்லத்தில் மரணங்களின் எண்ணிக்கை தன்னளவில் எதையும் நிரூபிக்காது. அங்கே கிடந்தவர்களில் எத்தனை பேருக்கு வலி இருந்தது, அதற்கு என்ன மருந்து கொடுக்கப்பட்டது, கொடுத்த டாக்டர் யார், தம்மை அங்கே கொண்டுவர அவர்கள் சம்மதித்தார்களா என்று கேட்டவர்கள் மிகச் சிலரே. இந்திய நோய்த்தணிப்புச் சங்கத்தைச் சேர்ந்த அறிஞர்கள் இத்தகைய ஸ்தாபனங்களுக்கென்று வகுத்திருக்கும் குறைந்தபட்சத் தர விதிகளில், வலியை அளந்து எழுதி வைத்தல், வாய்வழி மார்ஃபின் தட்டில்லாமல் கிடைத்தல், பயிற்சி பெற்ற டாக்டரும் செவிலியும் இருத்தல் ஆகியவை தலையாய இடம்பெற்றிருக்கின்றன. பாலேஸ்வரத்துக்குப் போன அதிகாரிகளின் கையில் அந்த விதிகள் அடங்கிய ஒரு தாள் இருந்திருந்தால், விசாரணை வேறு திசையில், பயனுள்ளதாக நடந்திருக்கும்.

எதைச் செய்கிறார்கள் என்பதோடு எதைச் செய்யாமல் விடுகிறார்கள் என்பதும் பார்க்கத் தக்கது. உயிர் பிரியும் தறுவாயில் இருப்பவரின் மூச்சில் சிறிது மாறுதல் கண்டவுடனே ஆம்புலன்ஸை அழைத்து, ஏதேனும் ஓர் ஐ.சி.யு.வில் சேர்த்து, வென்டிலேட்டரில் போட்டுவிட்டு, "நாங்கள் எங்கள் கடமையைச் செய்துவிட்டோம்" என்று கைகழுவுகிற இல்லங்கள் இருக்கின்றன. அவ்வாறன்றி, நோயாளிக்கு நினைவு தெளிவாயிருக்கும்போதே, "உங்களுக்கு என்ன வேண்டும், எங்கே இருக்க விரும்புகிறீர்கள், குழாய்கள் வேண்டுமா வேண்டாமா?" என்று அவரிடமே கேட்டு எழுதி வைப்பது நல்ல ஸ்தாபனத்தின் லட்சணம். நம் வீடுகளில் நோயின் பெயரைக்கூட நோயாளியிடமிருந்து மறைத்துவிடுகிறோம். அன்பினால்தான் மறைக்கிறோம் என்றாலும், அவர் மகளிடம் சொல்ல நினைத்ததைச் சொல்லாமலே போய்விடுவதற்கு அதுவே காரணமாகிறது. தம் இறுதிச் சிகிச்சையைப் பற்றி முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமை எல்லாருக்கும் உண்டு என்று 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 ஜனவரியில் அந்த நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளுடன் நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ உறுதிசெய்தால் போதும் என்றாக்கியது. இதை எடுத்துச் சொல்லி, கேட்டால் படிவம் தயாரிக்கவும் துணைசெய்கிற இல்லம் தன் பொறுப்பை உணர்ந்த இல்லம்.

தாமதமாகச் சேர்ப்பதும் தரத்தைக் குலைக்கிறது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பாஸ்டனில் நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட முடிவின்படி, நோய் கண்டறிந்த தொடக்கத்திலேயே வழக்கமான சிகிச்சையோடு நோய்த்தணிப்புப் பராமரிப்பையும் பெற்றவர்கள் மனச்சோர்வு குறைந்து இருந்தார்கள்; அதுமட்டுமன்றி, கடைசி நேரக் கடும் சிகிச்சைகள் குறைந்திருந்தும் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டரை மாதம் கூடுதலாக வாழ்ந்தார்கள்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது அநியாயம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் நீரிழிவுக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை கொடுப்பதோடு, படுக்கையிலிருப்போரைத் தேடிச் செல்லும் நோய் ஆதரவுச் சிகிச்சையும் சேர்க்கப்பட்டிருக்கிறது. வட்டாரத்துக்கு ஒரு செவிலி அதற்கென்றே நியமிக்கப்பட்டு, வண்டியில் வீடு வீடாகச் சென்று, மூத்திரக் குழாய் மாற்றி, புண் கழுவிக் கட்டுப்போட்டு வருகிறார். செலவில்லாமல் கிடைக்கும் இந்தச் சேவையை அறியாமலே தனியார் ஏஜென்சிக்குக் கடன் வாங்கிக் கொடுப்பவர்களை ஆவடியில் பார்க்கிறோம். ஆனால் ஒரு வட்டாரம் முழுவதற்கும் ஒரே செவிலி என்றால், அவர் எவ்வளவு அர்ப்பணிப்புள்ளவராயினும் இரவு இரண்டு மணிக்கு எத்தனை வீடுகளுக்குப் போக முடியும்? மலப்புரத்திலும் கோழிக்கோட்டிலும் இந்தச் சிக்கலை அண்டை அயலாரே முன்வந்து அவிழ்த்தார்கள். 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் ஒரு சிறிய கிளினிக்காகத் தொடங்கியது, தெருவில் உள்ள ஆசிரியர்களும் கடைக்காரர்களும் ஓய்வுபெற்றவர்களும் பயிற்சி பெற்று, வாரத்தில் சில மணி நேரம் தங்கள் அயலில் உள்ள நோயாளிகளுக்கென்று ஒதுக்கிய இயக்கமாக வளர்ந்தது. 2008-இல் கேரள அரசு அதற்கென்று ஒரு கொள்கையையே வகுத்தது. டாக்டரையும் மருந்தையும் ஸ்தாபனம் கொடுக்கட்டும், இரவில் துணைக்கு உட்காரவும், காலையில் கஞ்சி கொண்டுவரவும், ரேஷன் கார்டுக்கு அலையவும் தெருவார் வரட்டும் என்பது அதன் அமைப்பு. சங்கம் வைத்துப் போராடி உரிமை பெற்ற தொழிலாளர்கள் வாழும் அம்பத்தூரிலும் ஆவடியிலும் அத்தகைய அயலார் கிடைக்கமாட்டார்கள் என்று நான் நம்பத் தயாராயில்லை. சுற்றியிருப்பவர்களை உள்ளே விடுகிற, வேளை பாராமல் உறவினரை வந்து உட்காரவிடுகிற ஸ்தாபனத்தை, பார்வையாளர் நேரத்தைப் பலகையில் எழுதிக் கதவை மூடுகிற ஸ்தாபனத்துக்கு மேலாகவே நான் மதிக்கிறேன்.

மரணத்துக்குப் பின்னும் ஒரு பரீட்சை இருக்கிறது. வீட்டில் இரவில் உயிர் பிரிந்தால், மயானத்தில் கேட்கும் டாக்டர் சான்றுக்காகச் சடலத்தையே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்று, "வரும்போதே இறந்திருந்தார்" என்று எழுதப்பட்டு, போலீஸ் விசாரணை, பிரேதப் பரிசோதனை என்று இழுபட்ட குடும்பங்கள் உண்டு. நோயாளியைத் தொடர்ந்து பார்த்துவந்த டாக்டர் வந்து, மரணத்தின் காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் இந்தத் துன்பம் ஒன்றுமில்லை. 21 நாட்களுக்குள் பதிவு செய்வதும் எளிதாகிவிடும். "அன்றைக்கு யார் வந்து சான்று தருவார்?" என்பதைச் சேரும்போதே கேட்டுவிட வேண்டும். கேட்பது அபசகுனம் என்று நினைத்து விட்டவர்கள் பட்ட பாட்டை அறிந்துதான் சொல்கிறேன். சில நாட்கள் கழித்து அந்தச் செவிலி ஒருமுறை வந்து, மீந்த மார்ஃபின் மாத்திரைகளை எண்ணித் திரும்ப வாங்கிக்கொண்டு, தனியாகிவிட்ட அம்மாளோடு சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவாரானால், அந்த ஸ்தாபனத்தைப் பற்றி விசாரித்தறிய வேண்டியது அதிகம் இல்லை.

இவ்வளவையும் ஒவ்வொரு குடும்பமும், அதுவும் தன் வாழ்நாளில் மிகவும் கலங்கியிருக்கும் வேளையில், தானே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருப்பது ஒரு குறையே. தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்களைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்த 1997-ஆம் வருஷத்துச் சட்டமும் அதன்கீழ் 2018-இல் வந்த விதிகளும் இருக்கின்றன. அவற்றின்படி சோதனைக்குப் போகும் அதிகாரிகள் படுக்கைகளை எண்ணுவதோடு வலிப் பதிவேட்டையும் இரவுப் பணிப் பட்டியலையும் பார்த்து, கண்டதை வெளியிடவேண்டும். அதற்குக் காலம் பிடிக்கலாம். உடனே செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. மார்ஃபின் வைத்துக்கொள்ள அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் எவை என்பது மாநில மருந்துக் கட்டுப்பாட்டு இயக்ககத்தின் கோப்புகளில் ஏற்கெனவே இருக்கிறது. ஆண்டுதோறும் அந்நிறுவனங்கள் அங்கே கணக்கும் அனுப்புகின்றன. அந்தப் பெயர்களையும், வட்டார நோய் ஆதரவுச் செவிலியின் தொலைபேசி எண்ணையும் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டு, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மூன்று தாலுகா அலுவலகங்களின் சுவர்களிலும், ஆவடி, பூந்தமல்லி அரசு மருத்துவமனைகளின் மருந்து வழங்கும் ஜன்னல்களுக்கு அருகிலும், அடையாற்றிலும் ராயப்பேட்டையிலும் "வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் டாக்டர்களின் மேஜைகளிலும் வைத்துவிட, திருவள்ளூர், சென்னை மாவட்ட ஆட்சியர்கள் இருவரும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்.